அடிவானம் இல்லாத படங்கள்: மணமுறிவுக் காலத்தில் என் ஓவியமுறை மாறியபோது அறிந்துகொண்டவை

2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் என் மணவாழ்க்கை முறிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் பழகிவந்த ஓவியமுறையும் என் கையைவிட்டுப் போய்விட்டது. முதலாவது இழப்புக்கு ஆறுதல் சொல்லவும் அறிவுரை சொல்லவும் உறவினர் பலர் வந்தனர். இரண்டாவதைப் பற்றி வாய்விட்டுப் பேசுவதற்கு மட்டக்களப்பில் எனக்கு நெடுநாள் ஒருவரும் கிடைக்கவில்லை. வாழ்க்கை குலைந்திருக்கும் வேளையில் தன் கோடும் நிறமும் தனக்கே அந்நியமாகி நிற்கும் ஓவியர் ஒருவருக்கு, பணத்தைப் பற்றியும் பொருள்களைப் பற்றியும் உடலைப் பற்றியும் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவை சில உண்டு. எனக்கு அவற்றை எவரும் சொல்லவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அதுவரை நான் வரைந்தவை பெரும்பாலும் வாவிக் காட்சிகள். கல்லடிப் பாலம், கரையில் ஏற்றிவைத்த தோணிகள், வீச்சுவலை எறிபவர், கண்டல் மரங்களின் நிழல் விழுந்த மாலை நீர் ஆகியவற்றை எண்ணெய்வண்ணத்தில் பெரிய கன்வஸ்களில் வரைந்து, பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல்களுக்கும், விடுமுறைக்குச் சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் நம்மவர்களுக்கும் விற்றுவந்தேன். கன்வஸின் மேல் மூன்றிலொரு பங்கு வானம், அதன் கீழ் நேரான அடிவானக் கோடு, அதற்குக் கீழே நீர் என்ற அமைப்பு கண்ணை மூடிக்கொண்டும் எனக்கு வரும். அந்தப் படங்களை நான் இன்றும் தாழ்வாக எண்ணவில்லை. அவை என் மகளைப் படிக்கவைத்தன. வாவியின் ஒளியை நான் உண்மையாகவே நேசித்து வரைந்தவை அவை.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது வழக்கம். ஆகவே, கணவன் பிரிந்து போனாலும் தலைக்கு மேல் கூரை பெண்ணுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். என் கல்லடி வீட்டின் உறுதியோ வியாபாரக் கடன் ஒன்றுக்கு ஈடாக வைக்கப்பட்டிருந்தது. அவர் போனபின் தவணையைக் கட்டும் பொறுப்பு எனக்கு வந்ததால், வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு மகளுடன் ஆரையம்பதியில் உள்ள அக்கா வீட்டுக்குப் போனேன். வீட்டின் பின்புறத்தில் விறகும் பழைய சாமான்களும் கிடந்த தகரக் கொட்டிலை எனக்காக அக்கா ஒதுக்கித் தந்தார். அங்கே கன்வஸைத் தாங்கும் சட்டத்தை நிமிர்த்தி வைக்கக்கூட உயரம் போதவில்லை. பகலில் வகுப்புகள், கடன், சட்டத்தரணி என்று அலைந்துவிட்டு, மகள் உறங்கிய பிறகு கன்வஸைத் தரையில் விரித்து அதன் பக்கத்தில் குந்தியிருந்து வரைந்தேன்.

பிரிவுக்குச் சற்று முன்னர், ஒரு கடற்கரை ஹோட்டலுக்காக நான்கு பெரிய வாவிக் காட்சிகளை 240,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு 80,000 ரூபாய் முற்பணமும் வாங்கியிருந்தேன். பழைய புகைப்படங்களையும் பழைய குறிப்பேடுகளையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன். வானத்தைப் பூசினால் அது செத்த வானமாக நின்றது. வழித்தெடுத்துவிட்டு மறுபடியும் பூசினால் மறுபடியும் அப்படியே நின்றது. சில கிழமைகளுக்குப் பின் என் கை தானாகவே பழுப்பையும் கருமையையும் தேடிப் போயிற்று, கோடுகள் தடித்தன, தோணி, தோணியாக இல்லாமல் மேலிருந்து பார்த்த ஒரு பிளவுபோல ஆயிற்று. அப்போது எனக்குள் இருந்தது துயரம் மட்டுமன்று. வெட்கம் இருந்தது, ஆத்திரம் இருந்தது, அவற்றோடு சொல்லக் கூச்சமான ஒரு நிம்மதியும் இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அடுத்த தூரிகைத் தடம் எங்கே விழும் என்று எனக்கே தெரியாத நிலையில் வரைந்துகொண்டிருந்தேன் என்பதுதான் அந்த நிம்மதிக்குக் காரணம்.

ஹோட்டல் தரப்பு இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு ஏற்க மறுத்தது. அவர்கள் கேட்டது மாலை வாவி, நான் கொண்டுபோனது வேறு. அதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு எதுவுமில்லை. முற்பணம் முழுவதும் கன்வஸுக்கும் வண்ணத்துக்கும் செலவாகியிருந்தபடியால், வகுப்பு வருமானத்திலிருந்து சிறுசிறு தொகையாக ஓர் ஆண்டுக்கு மேல் திருப்பிக் கொடுத்தேன். வரவேண்டியிருந்த மிகுதி 160,000 ரூபாயும் இல்லாமற் போயிற்று. இப்படியான காலத்தில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கைவசம் உள்ள ஒப்பந்தங்களைப் பற்றி, முதல் மாற்றம் தெரிந்த கிழமையிலேயே வாங்குபவரிடம் நேரில் பேசிவிடுங்கள். முழு அளவில் வரைந்து முடிக்கும்வரை பொறுக்காமல், ஒரு முழ அளவில் இரண்டு மாதிரிகள் வரைந்து காட்டுங்கள். முற்பணத்தில் பொருளுக்கான பங்கு எவ்வளவு, அது திரும்பக் கொடுக்கப்படுமா, படம் ஏற்கப்படாவிட்டால் அது யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். நம் ஊரில் இதைக் கேட்டால் நம்பிக்கையில்லாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்குவோம். எழுதிக்கொண்டதால் என்னிடமிருந்து விலகிப்போன வாங்குநர் இதுவரை எவருமில்லை.

படங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். மாமி ஒருவர், “என்ன புள்ள இது, பேய் புடிச்ச மாதிரிக் கிடக்கு, இத வீட்டுக்குள்ள வெக்காத” என்றார். படித்தவர்கள் பிக்காசோவை இழுத்தார்கள்: 1901 இல் நண்பர் காசஜெமாஸ் தற்கொலை செய்துகொண்டபின் அவருடைய நீலக் காலம் தொடங்கியது, உங்களுக்கு இது கருப்புக் காலம் என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த விளக்கம் என்னை முடக்கியது. இனிமேல் மகிழ்ச்சியாக ஒரு நிறத்தைத் தொட்டால்கூட அது பொய்யாகிவிடுமோ என்று அஞ்சத் தொடங்கினேன். ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர் கொட்டிலுக்கு வந்து, படங்களைப் பேசாமல் நெடுநேரம் பார்த்தபின், தலைக்கு மேலே தொங்கிய மங்கல் குமிழைக் காட்டி, “மகள், முதல்ல வெளிச்சத்தப் பாருங்க, மனசப் பிறகு பாப்பம்” என்றார். அந்த ஒரு சொல்லிலிருந்துதான் எனக்கு வழி பிறந்தது.

பொருளாதார நெருக்கடியால் 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதங்களில் நான் மெழுகுதிரியிலும், மண்ணெண்ணெய் கிடைத்த நாள்களில் அரிக்கன் லாம்பிலும் வரைந்தேன். மஞ்சள் ஒளியில் மஞ்சள் வண்ணமும் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். நீலம் மங்கிக் கருமைப்படும். இரவில் வெளிச்சமாக இருக்கிறது என்று நம்பிப் பூசிய பகுதி காலையில் கருகிக் கிடக்கும். ஆசிரியர் சொன்னபடி, அதே செம்பையும் அதே வாழைப்பூவையும் காலையில் முற்றத்திலும் இரவில் லாம்பிலும் சிறிய அட்டைகளில் வரைந்து, மறுநாள் பகலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் துயரம் என்று எல்லோரும் பெயர் வைத்திருந்த கருமையில் பெரும்பங்கு லாம்பினுடையது என்று அப்போது தெளிவாயிற்று. அது எனக்கு ஏமாற்றமாக இருக்கவில்லை. மூச்சு விட்டதுபோல இருந்தது. இரவில் வேலை செய்பவர்கள், எவ்வளவு அவசரமானாலும், நிறத்தைப் பற்றிய முடிவை மட்டும் பகலுக்கு ஒதுக்கிவையுங்கள். இரவில் கோடும் அமைப்பும் செய்யலாம். நிறம் போட்டே ஆக வேண்டுமானால், ஒவ்வொரு வண்ணத்தையும் பகலில் ஓர் அட்டையில் தீட்டி அதன் பெயரை அருகில் எழுதி, அந்த அட்டையைப் பார்த்துப் பூசுங்கள்.

கோடு தடித்ததற்கும் ஒரு பகுதிக் காரணம் உடம்பில் இருந்தது. அப்போது எனக்கு நாற்பத்துமூன்று வயது. நுணுக்கமான இடங்களைக் கை வெறுக்கிறது என்றும் மனம் பொறுமை இழந்துவிட்டது என்றும் எண்ணிக்கொண்டிருந்தேன். கண் பரிசோதனையில் அது வெறும் வெள்ளெழுத்து, அதாவது வயதோடு கிட்டத்தில் உள்ளவை மங்கித் தெரியும் குறை, என்று தெரிந்தது. கண்ணாடி அணிந்த முதல் நாளில் தோணியின் அணியத்து முடிச்சை மறுபடியும் வரைய முடிந்தபோது அழுதேன். பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே தம் முதுமையில் கண்புரையோடு வரைந்த தோட்டப் படங்கள் சிவப்பும் பழுப்புமாகக் குழம்பியிருப்பதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1912 இல் நோய் கண்டறியப்பட்டும் அறுவைச் சிகிச்சைக்கு அவர் 1923 வரை உடன்படவில்லை. சிகிச்சைக்குப் பின் நிறங்கள் மாறித் தெரியவே, முன்னர் வரைந்த சிலவற்றில் திரும்பவும் கைவைத்தார். பாணி மாறுகிறது என்று தோன்றும்போது, தத்துவம் பேசுவதற்கு முன் கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது. நாற்பதைக் கடந்தவர்களுக்கு இது கட்டாயம்.

தரையில் இருந்து வரைந்ததும் படத்தை மாற்றியிருந்தது. விரித்த கன்வஸை மேலிருந்து குனிந்து பார்த்தபடி வரைந்தால், வரையப்படும் காட்சியும் மேலிருந்து பார்க்கப்படுவதாக மாறிவிடுகிறது. வானத்துக்கு இடமில்லாமற் போகிறது. பின்னர் அக்காவின் மகன் பழைய கதவுப் பலகைகளைக் கொண்டு கன்வஸைத் தாங்கும் குட்டையான சட்டம் ஒன்று செய்து தந்தான். நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடி அணிந்து, கன்வஸை நிமிர்த்தி வைத்து, மறுபடியும் வாவிக்கரையை வரைந்தேன். நிறங்கள் திரும்பி வந்தன. நுணுக்கம் திரும்பி வந்தது. அடிவானக் கோடு மட்டும் வரவில்லை. வலிந்து போட்டால் அது என் படத்தை இரண்டாக வெட்டியது. நீர், கரை, மனிதர், வலை எல்லாம் ஒரே பரப்பாக, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி கிடப்பதே எனக்கு உண்மையாகப் பட்டது. வெளிச்சம், கண், இருக்கை என்ற மூன்றையும் சரிசெய்த பிறகும் எது மாறாமல் நிற்கிறதோ, அதுதான் எனக்குள் நடந்த மாற்றம் என்று கண்டுகொண்டேன். அதை அறிய எனக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பிடித்தது. முதலிலேயே இப்படிப் பிரித்துப் பார்க்கச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் சில மாதங்களில் அறிந்திருப்பேன்.

இந்த இடத்தில் கேத்தே கொல்விட்ஸ் என்ற ஜெர்மன் ஓவியரின் வரலாறு எனக்குப் பெருந்துணையாக இருந்தது. 1914 ஒக்டோபரில் தம் இளைய மகனைப் போரில் இழந்த அவர், மகனுக்கான நினைவுச் சிற்பத்தை 1932 இல்தான் நிறைவுசெய்தார். இடையில், செப்புத்தகட்டு அச்சிலும் கல்லச்சிலும் தேர்ந்திருந்த அவர், 1920 இல் எர்ன்ஸ்ட் பார்லாக் என்ற ஜெர்மன் சிற்பியின் மரச்செதுக்கு அச்சுகளைப் பார்த்தபின் தாமும் அந்தக் கலைக்கு மாறி, போரைப் பற்றிய ஏழு மரச்செதுக்குகளைச் செய்தார். இழப்புக்கும் அந்த மாற்றத்துக்கும் இடையில் சில ஆண்டுகள் இருக்கின்றன என்பதையும், சொல்ல வந்ததைப் பழைய கருவி தாங்காதபோது அவர் கருவியையே மாற்றினார் என்பதையும் கவனியுங்கள். துயரம் வந்த மறுநாளே புதிய பாணி பிறந்துவிட வேண்டும் என்று எவரும் தம்மை நெருக்க வேண்டியதில்லை.

எனக்குக் கருவி மாறியது வறுமையால். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தாண்டியபோது, இறக்குமதி வண்ணங்கள் கடையில் இருந்தாலும் என்னால் தொட முடியாதவை ஆயின. சிரட்டைக் கரியை அரைத்து, காவியைக் கரைத்து, விளாம்பிசினில் குழைத்து, பழைய பருத்திச் சேலைத் துணியைப் பலகையில் ஒட்டி வரையத் தொடங்கினேன். விளாம்பிசின் இலங்கையின் பழைய சுவரோவியங்களில் வண்ணத்தைப் பிடித்துவைக்கப் பயன்பட்ட பொருள்தான். ஆனால் மட்டக்களப்பின் மாரியை அது தனியே தாங்காது. கார்த்திகை, மார்கழியில் வாவிப்பக்கத்து ஈரத்தில் பிசினும் மாப்பசையும் பூஞ்சணம் பிடிக்கும். பிசினைக் குழைக்கும்போதே சில துளி கராம்பு எண்ணெய் சேருங்கள். முடிந்த படத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், பின்னால் காற்றுப் புகும்படி சிறு கட்டைகள் கொடுத்து நிறுத்துங்கள். மழைக்காலம் முழுவதும் பொலித்தீனில் சுற்றிவைப்பது பாதுகாப்பன்று. ஈரம் உள்ளே அடைபட்டு, பூஞ்சணம் அங்கேதான் செழிக்கும். தோணிகளுக்குப் பூசும் கீல் ஆழ்ந்த கருமையாக இருப்பதால் பலருக்கு அதன்மேல் ஆசை வரும். நானும் ஒரு சிறிய பலகையில் பூசிப் பார்த்தேன். இன்றும் வெயில் நாளில் அது விரலில் ஒட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நிலக்கீல் கலந்த பழுப்பைப் பயன்படுத்திய படங்கள் முழுமையாகக் காயாமல் சுருங்கி வெடித்துப் பாழாகியிருக்கின்றன. கருமை வேண்டுமானால் விளக்குக் கரியும் சிரட்டைக் கரியும் போதும்.

பழைய படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாணி மாறும் காலத்தில் பழையவற்றின்மீது ஒரு வெறுப்பு எழும். கன்வஸும் விலையேறியிருந்தால், அவற்றின்மேலேயே புதியதை வரைந்துவிடலாம் என்ற எண்ணமும் சேர்ந்து வரும். ஒருநாள் இரவு நான் பழைய வாவிக் காட்சிகளையெல்லாம் வெள்ளை பூசி மறைக்கத் தயாரானபோது அக்கா கொட்டிலின் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு ஓவியம் பற்றி எதுவும் தெரியாது. தங்கை இந்த நிலையில் எதையும் அழிக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. பின்னர் அந்தப் படங்களில் மூன்றை விற்றுத்தான் கடனின் ஒரு பகுதியைக் கட்டினேன். பொருளியல்பாகவும் இதில் ஆபத்து உண்டு. எண்ணெய்வண்ணத்தின்மேல் அக்ரிலிக் பூசினால் அது பிடிக்காது; என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவரின் படம் அடுத்த மாரியிலேயே செதில் செதிலாகக் கழன்றது. அக்ரிலிக்கின்மேல் எண்ணெய்வண்ணம் பூசலாம், மறுதலையாகக் கூடாது. ஆகவே, பழையவை எல்லாவற்றையும் பகல் ஒளியில் படம்பிடித்து, பின்புறத்தில் மாதமும் ஆண்டும் பயன்படுத்திய பொருள்களும் எழுதி, நம்பிக்கையான வேறொருவர் வீட்டில் வையுங்கள். புதியவற்றுக்கும் அவ்வாறே எழுதிவாருங்கள். எந்த மாற்றம் எப்போது தொடங்கியது என்று நான் பின்னர் கண்டுகொண்டது அந்தக் குறிப்புகளைக் கொண்டுதான்.

கருப்புப் படம் வரைவது நோயின் அடையாளமன்று. ஆனால் கிழமைக்கணக்கில் உறக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும் மனமில்லாமல் இருந்தது நோயே. படத்தை வைத்து என்னைக் கணித்தவர்கள் பலர்; உறங்கினாயா என்று கேட்டவர்கள் மிகச் சிலர். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசவும் முடியும். மருந்து எடுத்தால் ஓவியம் போய்விடும் என்ற அச்சம் என்னை நெடுநாள் தடுத்தது. எனக்கு நேர்ந்தது அதற்கு மாறானது: உறக்கம் திரும்பிய பிறகுதான் ஒரு படத்தைத் தொடங்கி முடிக்கும் வலிமை வந்தது.

வருமானத்தைப் பற்றி ஒன்று. 1819 இல் மட்ரிட்டுக்கு வெளியே ஒரு வீட்டை வாங்கிய ஸ்பானிய ஓவியர் கோயா, எழுபது வயதைக் கடந்த நிலையில், செவியும் கேளாதவராக, அதன் சுவர்களில் யாருக்காகவும் அல்லாமல் பதினான்கு இருண்ட ஓவியங்களை வரைந்தார். வாங்குபவரைப் பற்றிக் கவலைப்படாமல் வரைந்த வீரம் என்று அதைப் பலர் கொண்டாடுவர். அந்த ஆண்டுகளிலும் அவர் அரசவையின் முதல் ஓவியராகச் சம்பளம் பெற்றுவந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமக்கு அரசவைச் சம்பளம் இல்லை. ஆகவே புதிய பாணியே சோறு போட வேண்டும் என்ற சுமையை அதன் தலையில் உடனே ஏற்றாதீர்கள். நான் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பும், இடையிடையே உருவப்பட வேலையும் வைத்திருந்தேன். அந்த வேலைகளில் என் புதிய முறை நுழையாமலும், புதிய படங்களில் அந்தத் தேவைகள் நுழையாமலும் பார்த்துக்கொண்டேன். இதை இரட்டை வேடம் என்று சொன்னவர்களும் உண்டு. சொன்னவர்களுக்குக் கடன் தவணை இல்லை.

அடிவானம் இல்லாத படங்களை இப்போது சிலர் தேடி வாங்குகிறார்கள். பழைய பெரிய கன்வஸுக்குக் கிடைத்த தொகையில் ஏறக்குறைய பாதியே ஒன்றுக்குக் கிடைக்கிறது. செலவு மிகக் குறைவென்பதால் கைக்கு வருவதில் பெரிய வேறுபாடில்லை. வாவிக் காட்சி வேண்டும் என்று கேட்டு வருபவரிடம், பழைய முறையில் வரைந்து மிஞ்சியிருப்பவற்றை முதலில் காட்டுகிறேன். புதிதாக வேண்டுமென்றால் இப்போதைய படங்களைக் காட்டி, இப்படித்தான் வரும் என்று சொல்லி, மாதிரி வரைந்து கொடுத்து, தாளில் எழுதிய பிறகே முற்பணம் வாங்குகிறேன். கார்த்திகை முதல் தை வரை பெரிய படங்களுக்கு முற்பணம் வாங்குவதில்லை. அந்த மாதங்களில் எதுவும் ஒழுங்காகக் காய்வதில்லை.